நடப்பவர்களுக்காகக் கட்டியவை: சேதுநாட்டுக் கடற்கரையில் பயணமும் கட்டடக்கலையும்

கலைக்காகப் பயணம் போவது பற்றி எழுதப்படும் பெரும்பாலானவற்றில் ஒரு முன்முடிவு இருக்கிறது. கட்டடம் ஓரிடத்தில் முன்பே நின்றுகொண்டிருக்கிறது. பயணி பிற்பாடு வருகிறார், பார்க்கிறார், போகிறார். அவர் வந்தாலும் வராவிட்டாலும் கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை. அஜந்தாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ இன்று போகிறவரைப் பொறுத்தவரை இது சரியாகக்கூட இருக்கலாம். சேதுநாடு எனப்படும் இராமநாதபுரம், இராமேஸ்வரம் கரைக்கு இது பொருந்தாது. தேவிபட்டினத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வரையிலும், மண்டபம் தாண்டித் தனுஷ்கோடி வரையிலும் நிற்கும் முக்கியமான கட்டடங்கள் பலவும் வந்துபோகிறவர்களை எண்ணி, அவர்கள் கொண்டுவந்த பொருளாலும் புகழாலும் எழுந்தவை. இங்கே பயணம் காரணம். கட்டடம் அதன் விளைவு. இதை ஏற்றுக்கொண்டால் இந்தக் கரையில் எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது, எதைக் காப்பாற்றுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை மாறிவிடும். அதற்கான சான்றுகளையும், எழக்கூடிய மறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதல் சான்று இராமநாதசுவாமி கோயிலின் அளவு. இராமேஸ்வரம் தீவு பவளப்பாறையும் மணலும் சேர்ந்தது. ஆறு கிடையாது, நெல் விளையும் பரந்த வயல் கிடையாது, தூணுக்கு ஏற்ற கருங்கல் அறவே கிடையாது. காவிரிக் கரையில் பெரிய கோயில்கள் எழுந்ததற்கு வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகக் காட்டும் காரணங்கள் செழிப்பான விளைநிலமும், அதை நம்பிய ஊர்களும், அந்த ஊர்களின் சபைகளும். இங்கே அந்தக் காரணங்கள் எதுவும் செல்லாது. அப்படியிருந்தும் கோயிலின் மதில் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 865 அடி, வடக்குத் தெற்காக 657 அடி. பிரகாரங்களை எல்லாம் சேர்த்து நடந்தால் சுமார் 3,850 அடி, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மேல். மூன்றாம் பிரகாரத்தில் மட்டும் 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். தீவில் இல்லாத அந்தக் கருங்கல் ஒவ்வொன்றும் கடலைத் தாண்டி வந்தாக வேண்டும். மீன்பிடியையும் சங்குக் குளிப்பையும் நம்பி வாழ்ந்த ஒரு சிறு தீவின் குடிகளை வைத்து இந்த அளவை விளக்க முடியாது. உள்ளூர்க்காரர்கள் கும்பிட இதில் ஒரு மூலை போதும். வெளியிலிருந்து வரும் கூட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நேராகிறது.

அளவைக் காட்டிலும் தெளிவாகப் பேசுவது அமைப்பு. 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சீமையை ஆண்ட முத்துராமலிங்க சேதுபதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்றாம் பிரகாரத்தில் தூண்கள் நடைபாதையின் தரையிலிருந்து எழுவதில்லை. பாதையின் இருபுறமும் ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் ஒரு நீண்ட மேடை ஓடுகிறது. தூண்கள் அந்த மேடையின் மேல் நிற்கின்றன. நடந்து போகிறவரின் கண்மட்டத்தில் வருவது தூணின் அடிப்பகுதி. உடலும் தலையும் மேலே, போதிகைகள் பாதையை நோக்கி நீண்டு கூரையைத் தாங்கும் இடம் அதற்கும் மேலே. சுதை பூசி வண்ணம் தீட்டிய இந்தத் தூண்களில் எதுவும் தனியாக நின்று ஆளை மறிப்பதில்லை. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் ஒவ்வொரு சிலையும் நம்மை நிறுத்திப் பார்க்கவைக்கும். அங்கே நடை தடைபடுவதுதான் கலையின் வெற்றி. இராமேஸ்வரத்தில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து, தூரத்தில் ஒன்றோடொன்று நெருங்கி, காலை முன்னோக்கி இழுக்கிறது. வழி நெடுகத் தீர்த்தங்கள் இருக்கின்றன. வாளியால் இறைத்து ஊற்றும் நீரில் நனைந்து, ஈர உடையோடு ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்குப் போகிறார்கள்; இப்படி 22 தீர்த்தங்கள். வெயிலும் மழையும் படாமல் பெருங்கூட்டம் நகர்வதற்கு அமைந்த, கூரையிட்ட தெரு இது.

இதைப் புரிந்துகொள்வதற்கு ஜேம்ஸ் பெர்குசன் எழுதியது ஒரு நல்ல உரைகல். இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை முதன்முதலில் முழுமையாக வகுக்க முயன்ற அவர், 1876இல் வெளிவந்த தம் நூலில், திராவிடப் பாணியின் அழகு முழுவதையும் அதன் குறைகளோடு சேர்த்துக் காட்ட ஒரே கோயிலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இராமேஸ்வரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். ஐரோப்பியப் பேராலயங்களின் நீளத்தோடு இந்தப் பிரகாரத்தை ஒப்பிட்டு வியந்தார். ஒளி விழும் விதத்தைப் பாராட்டினார். ஆனால் இவ்வளவு பொறுமையான உழைப்பு வேறெந்தக் கோயிலிலும் செலவாகவில்லை, அதைக் காட்டத்தக்க ஒரு திட்டம் இல்லாமல் அது இங்கே வீணாகிவிட்டது என்றும் தீர்ப்பளித்தார். மையத்தில் இருக்கும் கருவறை சிறியது, தாழ்ந்தது. வெளியே போகப் போகக் கட்டடம் பெரிதாகிறது. கண் ஒரே பார்வையில் முழுவதையும் வாங்கிக்கொள்ள ஓரிடம் கிடைப்பதில்லை. ஐரோப்பியக் கல்வி பெற்ற கண்ணுக்கு இது குறை. நின்று பார்ப்பவரின் அளவுகோல் அது. நடப்பவரின் அளவுகோலில் இதே அமைப்பு திட்டமாகவே தெரிகிறது. கூட்டம் பெருகும் வெளி வட்டம் பெரிதாகவும், ஒருவர் பின் ஒருவராக நெருங்கும் உள் வட்டம் சிறிதாகவும் இருக்க வேண்டும்; இருக்கிறது.

பெர்குசனின் சொந்தக் கண்டத்திலேயே இதற்கு ஒப்பான கட்டடங்கள் உண்டு. சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் போகும் வழிகளில், பிரான்சின் துலூஸிலும் கோங்க்கிலும் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த ஆலயங்களில் பலிபீடத்தைச் சுற்றி வர ஒரு நடைவழி உண்டு. அதிலிருந்து சிறு சிறு ஆராதனை அறைகள் பிரியும். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே யாத்திரிகர்கள் இடையூறு இல்லாமல் சுற்றிவரலாம். அந்த ஆலயங்களைக் கலை வரலாற்றாசிரியர்கள் யாத்திரைத் தேவாலயங்கள் என்றே தனி வகையாக்கிப் படிக்கிறார்கள். அவற்றின் வடிவத்துக்குக் காரணம் வழி என்பதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை. அந்தக் கண்ணோடு இராமேஸ்வரத்தைப் பார்த்தால், நம் பிரகாரங்கள் அவற்றைவிடப் பெரிய அளவில் அதே சிக்கலுக்குக் கிடைத்த வேறொரு விடை என்பது விளங்கும். பண்பாடுகளைக் கடந்து கட்டடங்களை ஒப்பிடுவதால் கிடைக்கும் உண்மையான பயன் இது. எது பெரிது, எது அழகு என்ற பட்டியலால் அது கிடைப்பதில்லை.

கோயிலிலிருந்து வழிக்கு வருவோம். காசிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். சேதுவில் எடுத்த மணலைப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு பெறும் என்பது நம்பிக்கை. வழி இரு திசையிலும் ஓடியது என்பதற்கு இந்த வழக்கமே சான்று. கோயிலில் பூசை செய்யும் குருக்கள் மரபினர் மகாராஷ்டிரப் பின்னணி கொண்டவர்கள். கிழக்குக் கரை வழியாகக் கால்நடையாக வந்தவர்கள் உப்பூர் விநாயகரைத் தொழுது, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை வலம்வந்து, திருப்புல்லாணியையும் சேதுக்கரையையும் தொட்டு, அதன் பிறகே பாம்பனைக் கடந்தார்கள். தஞ்சை மராட்டியரும் சேதுபதிகளும் இந்த வழியில் சத்திரங்களை எழுப்பினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி எழுப்பியது. சேது வழியிலிருந்த சத்திரங்களைப் பற்றி அவர் 1801இல் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. எல்லாச் சாதியாருக்கும் சோறு, நோயுற்றவர்களுக்கு மருந்து, வழியில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பராமரிப்பு, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அங்கே நடந்த தர்மங்களை அதில் விரிவாகச் சொல்கிறார். திண்ணையும் முற்றமும் மண்டபமும் கொண்ட அந்தச் சத்திரங்கள் கோயில் பிரகாரத்தின் முன்னோட்டங்கள். பிரகாரம் நிழல் தந்து நடக்க வைத்தது. சத்திரம் நிழல் தந்து தங்க வைத்தது. இரண்டையும் ஒரே கட்டடத் திட்டத்தின் உறுப்புகளாகக் கொள்ளாமல் தனித்தனியே படிப்பதால்தான் ஒன்று கலை என்றும் மற்றது பழைய கட்டடம் என்றும் பிரிந்துபோயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவ்வளவு பெரிய கட்டடங்களுக்குக் காரணம் அரசர்களின் பெருமை. யாத்திரிகர்கள் சாக்குத்தான் என்று சொல்லலாம். இராமேஸ்வரத்தின் மேல் அரசர்கள் கண் வைத்திருந்தது உண்மை. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையின் முதலாம் பராக்கிரமபாகுவின் படை இங்கே வந்தது. அவனுக்குப் பின்னர் ஆண்ட நிசங்கமல்லன் இராமேஸ்வரத்தில் தன் பெயரால் ஒரு கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பொறித்துக்கொண்டான். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசுகளில் ‘சேது’ என்று பொறித்தார்கள். ஆனால் பெருமை தேட இந்த இடத்தையே ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்க வேண்டும். பலர் வந்துபோகும் இடத்தில்தான் பெயர் பரவும். சேதுபதிகளுக்கோ வழியே பட்டமாயிற்று. 1605 வாக்கில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கன் சேதுபதியை இந்தச் சீமைக்கு அதிபதியாக்கியபோது, யாத்திரிகர்களைக் கள்ளர் பயமின்றிக் கொண்டுசேர்ப்பது அவருடைய பொறுப்பாயிற்று. ஆளும் உரிமையே வழிக்காவலிலிருந்து வந்தபோது, அரசனின் பெருமையையும் யாத்திரிகனின் தேவையையும் எதிரெதிரே நிறுத்த முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிக் கிழக்குக் கோபுரத்தை நிறைவு செய்தவர்கள் தேவகோட்டை நகரத்தார்கள். அவர்களும் கடல்கடந்து வணிகம் செய்த சமூகம்தான்.

இன்னொரு மறுப்பு பாணியைப் பற்றியது. நீண்ட தூண்வரிசை நாயக்கர் காலத்துக்குப் பொதுவானது, மதுரையிலும் திருவரங்கத்திலும் அதைக் காணலாம், இராமேஸ்வரத்துக்கு மட்டும் ஏன் தனிக் காரணம் தேட வேண்டும் என்பது அது. பாணி பொதுவானதுதான். வேறுபாடு அதைப் பயன்படுத்திய விதத்தில் இருக்கிறது. திருவரங்கத்தில் கோயிலின் வெளிப் பிரகாரங்களுக்குள் ஊரே குடியிருக்கிறது. வீடும் கடையும் தேரோடும் வீதியும் மதிலுக்கு உள்ளே. மதுரையில் ஆடி வீதிக்கு வெளியே சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் என்று நகரம் வட்டமிட்டு விரிகிறது. ஊர்வலம் போக அங்கே தெருக்கள் உண்டு. சூழ ஒரு பெருநகரம் இல்லாத இராமேஸ்வரத்தில் அந்தத் தெருவின் வேலையையும் பிரகாரமே ஏற்றுக்கொண்டது. பொதுவான சொற்களைக் கொண்டு இந்த ஊர் தன் தேவைக்கேற்ற வாக்கியத்தை அமைத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

நிலவழியைப் போலவே கடல்வழியும் இந்தக் கரையில் கட்டடக்கலையை உருவாக்கியது. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் மணிகளும் கிடைத்தன. கப்பல் உருவம் கீறிய பானை ஓடு ஒன்றும் கிடைத்தது. பெரியபட்டினத்தில் இடைக்காலச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்ததை நொபோரு கராஷிமா போன்ற அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இந்தத் தொடரில் வரும் கீழக்கரை முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற துறைமுகம். உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர். அங்குள்ள பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் தொழுகைக் கூடம் கருங்கல் தூண்களின் மேல் பலகைக் கல் பாவிய தட்டையான கூரை. குவிமாடத்தையும் வளைவுகளையும் எதிர்பார்த்துப் போகிறவருக்கு முதல் பார்வையில் ஒரு கோயில் மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டது போலத் தோன்றும். சதுரமும் எண்பட்டையுமாக மாறி மாறி எழும் தூண், அதன் தலையில் பூமுனைப் போதிகை, மேலே உத்திரம். கோயில் தூணில் தெய்வ உருவமோ யாளியோ வர வேண்டிய இடங்களில் இங்கே பூவும் கொடியும் கோலமும். மேற்குச் சுவரில் மக்காவின் திசை காட்டும் மிஹ்ராப் மாடம்.

இந்தப் பள்ளிவாசலை விளக்க மிக எளிய வழி ஒன்று இருக்கிறது. கிடைத்த கல்தச்சர்கள் கோயில் கட்டத் தெரிந்தவர்கள். வேறு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அவர்கள் கைக்கு வந்ததைக் கட்டினார்கள். இதில் பண்பாட்டுச் சந்திப்பு எதையும் தேடத் தேவையில்லை. இந்த விளக்கத்தில் பாதி உண்மை. கல்தச்சர்கள் கோயில் மரபில் பழகியவர்கள் என்பது தூண்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கட்டுவித்தவர்கள் கப்பல் வைத்திருந்த வணிகர்கள். அரேபியக் கரையும் மலபாரும் அவர்களுக்குத் தெரிந்த இடங்கள். வேற்று வடிவங்கள் அவர்கள் கண்ணுக்குப் புதியவை அல்ல. மலபார்க் கரையின் பழைய பள்ளிவாசல்கள் மழைக்கு ஏற்றபடி சரிந்த மரக்கூரையை எடுத்துக்கொண்டன. சோழமண்டலக் கரையும் கீழக்கரையும் கல் மண்டபத்தை எடுத்துக்கொண்டன. ஒரே கடல்வணிக உலகம், இரண்டு கரைகளில் இரண்டு உள்ளூர் வடிவங்கள். கடல் வழியாக வந்து குடியேறிய சமூகங்களின் கட்டட மரபு என்று இவற்றைச் சேர்த்து மெஹர்தாத் ஷொகூஹி 2003இல் விரிவான நூல் எழுதியிருக்கிறார். உருவங்களை விலக்கி, போதிகையை வைத்துக்கொண்டது யோசித்துச் செய்த தேர்வு. எதை ஏற்பது, எதை விடுவது என்று கட்டுவிப்பவரும் தச்சரும் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். அந்தப் பேச்சின் பதிவு கல்லில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழைய கல் பள்ளிகளின் இடத்தில் சிமெண்ட் குவிமாடங்களும் உயர்ந்த மினாராக்களும் வந்தபோது, அந்தப் பதிவும் கூடவே அழிந்தது.

இதைச் சொன்னதும் இந்தக் கரையை மத நல்லிணக்கத்தின் காட்சிக்கூடமாக்கிவிடும் ஆசை வரும். சுற்றுலாக் கையேடுகள் அதைத்தான் செய்கின்றன. வரலாறு அவ்வளவு இனிப்பானது அல்ல. சீதக்காதியின் நண்பராகப் போற்றப்படும் அதே கிழவன் சேதுபதியின் ஆட்சியில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று போர்த்துகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் கொல்லப்பட்டார். அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் மதம் மாறியதும், அதனால் எழுந்த குடும்பப் பகையும் அதற்குப் பின்னணி. ஓரியூர் இன்று யாத்திரைத் தலம். அங்கே மண் சிவப்பாக இருப்பதற்கு அவர் சிந்திய குருதியே காரணம் என்பது மக்கள் நம்பிக்கை. ஏர்வாடி தர்காவுக்கு நிலம் கொடுத்த சேதுபதிகளின் சீமையிலேயே இதுவும் நடந்தது. ஆக, வெவ்வேறு பண்பாடுகள் சந்தித்தன என்று சொல்வதற்கு அவை எப்போதும் சிநேகமாக இருந்தன என்று பொருள் இல்லை. வணிகம், அதிகாரம், பக்தி, பகை எல்லாம் கலந்த போக்குவரத்துத்தான் கட்டடங்களை எழுப்பியது. வருகிறவர்களில் யாரை வரவேற்பது, யாரைத் தடுப்பது என்பது அரசனின் அன்றாடக் கவலையாக இருந்தது.

அந்தக் கவலையை நேரடியாகப் பார்க்க வேண்டுமானால் இராமநாதபுரம் அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசத்துக்குப் போக வேண்டும். தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி எழுப்பிய மாளிகை அது. சுவர்களிலும் கூரையிலும் நிறைந்திருக்கும் ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தைச் சேர்ந்தவை என்பது பொதுவான கருத்து. இராமாயணமும் பாகவதமும் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. பக்கத்திலேயே தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், துப்பாக்கிகளோடும் குதிரைகளோடும். இன்னோரிடத்தில் தொப்பியும் ஐரோப்பிய உடையும் அணிந்தவர்கள் சேதுபதியின் முன் நிற்கிறார்கள். கடலிலிருந்து வந்த அந்நியரை ஒரு தமிழ் ஓவியர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு இது அரிய சான்று. ஐரோப்பியர் நம் கோயில்களைப் பார்த்து எழுதிய பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நாம் அவர்களைப் பார்த்துத் தீட்டியவை எத்தனை? இங்கே தூதர்களும் வணிகர்களும் அரசனுக்குக் கீழே, அரசனின் பக்கம் திரும்பியபடி. அளவும் இடமும் ஓவியரின் தீர்ப்பு. 1798 செப்டம்பரில் கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் சந்தித்ததும் இதே மாளிகையில்தான். அப்போது யார் நிற்பது, யார் உட்காருவது என்ற வரிசை தலைகீழாகிவிட்டிருந்தது. மதுரையிலிருந்து இராமேஸ்வரம் போகும் பேருந்துகள் இந்த மாளிகையைத் தாண்டித்தான் போகின்றன. நின்று இறங்கிப் பார்ப்பவர்கள் சிலரே.

ரயிலும் மோட்டாரும் வந்த பிறகு இந்த வாதம் செல்லாது என்று நினைக்கலாம். நேர்மாறாக, அவை புதிய சான்றுகளைத்தான் சேர்த்தன. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பாம்பன் ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். கப்பலுக்கு வழிவிட நடுவிலிருந்த இரட்டைத் தூக்கு இரு கை போல மேலே விரியும். இலங்கை போகும் போட் மெயில் அந்தப் பாலத்தைத் தாண்டித் தனுஷ்கோடிக்குப் போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதற்காக எழுந்த நிலையமும், ஊரில் எழுந்த தேவாலயமும் 1964 டிசம்பர் 22, 23 புயலில் சிதைந்தன. இடிந்த தேவாலயச் சுவர்களில் வெளியே தெரிவது முருகைக்கல். கருங்கல் கிடைக்காத தீவில் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லே வீட்டுக்கும் கோயிலுக்கும் செங்கல்லாயிற்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, பவளம் எடுப்பதும் தடைசெய்யப்பட்ட பின், அந்தக் கட்டட முறை இனி திரும்பாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்கு நேராக மேலெழும்புகிறது. 1988இல் வந்த சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் பார்ப்பது இன்று இராமேஸ்வரப் பயணத்தின் ஒரு பகுதி. பேய்க்கரும்பில் 2017இல் திறந்த அப்துல் கலாம் நினைவகம் முகப்பில் டெல்லியின் இந்தியா கேட்டையும், குவிமாடத்தில் குடியரசுத் தலைவர் மாளிகையையும் நினைவூட்டுகிறது. தீவில் பிறந்து டெல்லி போனவரின் பயணத்தைக் கட்டடம் அப்படியே திருப்பிச் சொல்கிறது. கீழக்கரைப் பள்ளியில் கடன்வாங்கிய போதிகை கூரையைத் தாங்குகிறது. இங்கே கடன்வாங்கிய வடிவம் நினைவை மட்டும் தாங்குகிறது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உணர, இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும்.

மிகக் கடினமான மறுப்பு இனிமேல்தான். யாத்திரிகர் கலை பார்க்க வரவில்லை. புண்ணியம் தேடி வருகிறார். நனைந்த உடையோடு விரைகிறவர் 1,212 தூண்களில் ஒன்றைக்கூட நின்று பார்ப்பதில்லை. அவரை ஏன் இந்தக் கலையின் உண்மையான பார்வையாளராக்க வேண்டும்? இதற்கு நேர்மையான விடை, அவர் பார்வையாளர் அல்ல, பயன்படுத்துபவர் என்பதே. பாதத்துக்குக் கல்லின் குளிர்ச்சி தெரியும். திருப்பத்தில் எங்கே வெளிச்சம் விழும் என்பது தெரியும். எத்தனை கிணறு மிச்சம் என்பது தெரியும். கலை ரசிகருக்கு இவை தெரியாது. ஆனால் தூணைச் செதுக்கியவரின் கைத்திறனும், மேடையின் உயரத்தை ஐந்தடியாக வைத்த முடிவும் யாத்திரிகர் கவனத்துக்கு வருவதில்லை. அதைச் சொல்ல ரசிகர் வேண்டும். உத்தரகோசமங்கையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரு நாள் மட்டும் காப்பு களைவார்கள். அருங்காட்சியகத்தின் திறப்பு நேரத்துக்குப் பழகியவர் இங்கே பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். கருவறை எல்லோருக்கும் திறந்ததில்லை. பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்வையாளருக்கு உரியதில்லை. இந்த எல்லைகளை இடையூறாக நினைப்பவர் கட்டடத்தின் பாதியைப் படிக்காமல் விடுகிறார். யார் எதுவரை வரலாம் என்பது மதில், திண்ணை, வாசல் ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறது.

இதிலிருந்து நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. பயணி இராமேஸ்வரத்திலிருந்து தொடங்காமல் வழியிலிருந்து தொடங்கலாம். இராமலிங்க விலாசம், திருப்புல்லாணி, கீழக்கரை, அதன் பிறகு பாம்பன் என்ற வரிசையில் போனால், மூன்றாம் பிரகாரத்துக்குள் நுழையும்போது அதைக் கட்டியவர் யார், நடந்தவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்கும். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் தனித்தனிச் சின்னங்களை அறிவிப்பதோடு நிற்காமல், சத்திரங்கள், மண்டபங்கள், ஊருணிகள், துறைகள், பள்ளிவாசல்கள் அனைத்தையும் சேது வழியின் உறுப்புகளாக ஒரே பட்டியலில் அளந்து பதிய வேண்டும். சாந்தியாகோவுக்குப் போகும் வழிகளை யுனெஸ்கோ 1993இல் ஸ்பெயினிலும் 1998இல் பிரான்சிலும் உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது செய்தது இதைத்தான்: பெரிய ஆலயத்தோடு பாலமும் விடுதியும் மருத்துவமனையும் பட்டியலில் சேர்ந்தன. கூட்டம் பெருகினால் கட்டடம் கெடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இன்று நெருக்கடி முழுவதும் ஒரே கோயிலின் மேல், ஒரே பாதையில், சில மணி நேரத்துக்குள் விழுகிறது. வழியை மீட்டால் அந்தச் சுமை பல ஊர்களுக்குப் பகிர்ந்து போகும். இப்போது யாரும் கேட்காமல் கிடக்கும் சத்திரத்துக்கும் கல் பள்ளிக்கும் அவற்றைக் காக்கும் காரணம் ஒன்று கிடைக்கும். தூண்களைக் காப்பாற்றிவிட்டு, அவற்றிடம் ஆளைக் கொண்டுவந்த வழியைக் கைவிட்டால், சேதுநாட்டின் கட்டடக்கலையில் பாதிக்கும் குறைவாகவே நமக்கு மிஞ்சும்.